நாலு டிகிரி – 14: ஒரே எண்ணில் இரண்டு ஓட்டை

போன வாரம் மேசையைத் தட்டிவிட்டு வெளியேறிய ஸு மின், திங்கட்கிழமை காலை அதே மேசைக்குத்தான் திரும்பி வந்தாள். வீடும் அப்பாவுடையது, அலுவலகமும் அப்பாவுடையது என்றால் ஒரு பெண் கோபித்துக்கொண்டு எவ்வளவு தூரம்தான் போக முடியும்? பினாங்குத் தீவின் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடி வரை காரை ஓட்டினாள். இரண்டு நாள் கடலை முறைத்துப் பார்த்தாள். கடல் பதிலுக்கு ஒன்றும் சொல்லாததால் திரும்பிவிட்டாள்.

சண்டைக்குக் காரணம் ஓர் எண்.

ஊய் கண்ட்ரோல்ஸ் நிறுவனம் மருத்துவமனைகளின் ரத்தப் பெட்டிகளுக்கு மூளை செய்து கொடுக்கிறது. ரத்தம் வைக்கும் குளிர்பெட்டி எப்போதும் நாலு டிகிரியில் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கும் ரத்தம் வீண். அந்த நாலு டிகிரியைக் கட்டிக் காப்பதுதான் இவர்கள் செய்யும் மூளையின் ஒரே வேலை.

மூன்று மாதத்துக்கு முன் சியாங் மாயிலிருந்து பிச்சயா என்ற ஆராய்ச்சிக்காரி ஒரு கடிதம் எழுதினாள். உங்கள் மூளைக்குள் யார் வேண்டுமானாலும் இணையம் வழியாகப் பாஸ்வேர்டு இல்லாமல் நுழையலாம், வெப்பத்தை இஷ்டத்துக்கு மாற்றலாம், மாற்றிய பிறகும் திரையை நாலு டிகிரி என்றே காட்ட வைக்கலாம், அலாரமும் வாயைத் திறக்காது என்று, மிகவும் மரியாதையாக. தொண்ணூறு நாள் தருகிறேன், அதற்குள் அடைத்துவிடுங்கள், பிறகு ஊருக்குச் சொல்வேன் என்று முடித்திருந்தாள். அந்தத் தொண்ணூறு நாள் இந்தத் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது.

ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை ஸு மின் ஆறு வாரத்துக்கு முன்பே தயார் செய்துவிட்டாள். நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறுப்பு அவளுடையது. மருத்துவமனைகளுக்கு "இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஓர் அறிவிப்பு அனுப்புவதுதான் பாக்கி. அந்த அறிவிப்பின் தலையில் ஓர் எண் இருக்க வேண்டும்.

உலகத்தில் எந்த மென்பொருளில் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அதற்கு ஒரு சி.வி.இ. எண் தருவார்கள். முதலில் ஆண்டு, பிறகு ஒரு வரிசை எண். ஓர் ஓட்டைக்கு ஒரே எண். ஓர் எண்ணுக்கு ஒரே ஓட்டை. தைப்பிங்கில் இருப்பவரும் ஓஸ்லோவில் இருப்பவரும் ஒரே ஓட்டையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தன் பொருள்களின் ஓட்டைகளுக்குத் தானே எண் வழங்கும் உரிமை ஊய் கண்ட்ரோல்ஸுக்குப் போன வருடம் கிடைத்தது. ஓட்டைக்கு எண் கொடுக்கும் உரிமையைச் சிங்க நடனத்துடன் கொண்டாடிய ஒரே நிறுவனம் அதுவாகத்தான் இருக்கும். கடிதம் தங்கச் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது.

இந்த வருடத்துக்கு என்று ஐம்பது எண்கள் வந்தன. 44401 முதல் 44450 வரை.

இங்கேதான் டத்தோ ஊய் தேக் ஹுவாட், அதாவது ஸு மின்னின் அப்பா (டத்தோ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம்), நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

டத்தோ நாலு என்ற எண்ணை வாயால் சொல்வதில்லை. சீன மொழியில் நாலும் சாவும் கிட்டத்தட்ட ஒரே உச்சரிப்பு. அவர் கட்டிய கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு மேல் 3A, அதற்கு மேல் ஐந்து. வெப்பத்தைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் "நம்ம டிகிரி" என்பார். பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால், "மூணு பேரு. அப்புறம் ஸு மின்" என்பார். முப்பது வருடமாக நாலு டிகிரியை வைத்துப் பிழைக்கும் மனிதர் நாலைக் கண்டு நடுங்குவதில் உள்ள வேடிக்கையை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சிரிப்பதற்கு மட்டும் அவர் அறை இருக்கும் ஐந்தாம் மாடியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

"இந்த வருஷத்துக் கட்டே வேண்டாம்" என்று அவர் சொல்ல, "நம்பர் இல்லாம அறிவிப்பு போகாது" என்று இவள் சொல்ல, மேசை தட்டப்பட்டது. அதுவரை போன வாரம்.

---

3A மாடியில் இரண்டே இருக்கைகள். கணினிகளின் பெயரும் இருக்கையின் பெயரும் ஒன்றுதான். 3A-01 ஸு மின்னுடையது. 3A-02 அவளுடைய அத்தை குவாட் கீயினுடையது.

டத்தோவின் ஒரே தங்கையான குவாட் கீ இருபத்திரண்டு வருடமாக உதவித் தொலைபேசியில் உட்கார்ந்திருக்கிறார். மலேசியாவில் எந்த ரத்த வங்கியில் எந்தத் தாதிக்கு முழங்கால் வலி என்பது வரை அவருக்குத் தெரியும். யாராவது பதறிக்கொண்டு கூப்பிட்டால், "இரும்மா, நான் உள்ள போய்ப் பார்க்கறேன்" என்பார். ஐந்து நிமிடத்தில் பெட்டி சரியாகிவிடும். எப்படி உள்ளே போகிறார் என்று யாரும் கேட்டதில்லை. ஒழுங்காக நடக்கிற வேலையைக் கேள்வி கேட்கும் வழக்கம் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

ஸு மின் பையை வைப்பதற்குள் அத்தை, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியை உறிஞ்சியபடியே ஆரம்பித்தார்.

"கடல் பாத்தாச்சா? இங்க உங்கண்ணன் அறிவிப்பை அனுப்பிட்டான், தெரியுமா?"

"எந்த அறிவிப்பு?"

"உன்னோடதுதான். வெள்ளிக்கிழமை சாயந்தரம். நேத்து ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பாக்காம நான் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா கூப்பிட்டேன், போட்டாச்சா போட்டாச்சான்னு. ஒரு சிலரைத் தவிர எல்லாரும் ஒரே பாட்டு. 'அது போன வருஷமே போட்டாச்சே ஆன்ட்டி.'"

"போன வருஷமா? ஓட்டையைக் கண்டுபிடிச்சே மூணு மாசம்தானே ஆகுது?"

"அதையேதான் நானும் சொன்னேன். தைப்பிங் ரத்த வங்கியில ஹஸ்லினா இருக்காளே, அவ என்னையே திட்டறா. 'ஆன்ட்டி, எங்க லிஸ்ட்ல பச்சை டிக் விழுந்திருக்கு. உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு, கண்ணாடியை மாத்துங்க'ங்கறா. எனக்கு வயசாச்சாம்!"

ஸு மின் அறிவிப்பைத் திறந்தாள்.

தலைப்பு: 'நிலைத்தன்மையில் மேலும் ஒரு மெருகு'. ஓட்டை என்ற சொல்லே இல்லை. மெருகு மூன்று இடத்தில் இருந்தது. தலையில் ஓர் எண். எண்ணின் வாலில் வரிசையாக நான்கு எட்டுகள்.

அவளுக்கு அந்த எண் தெரியும். போன வருடம் பெட்டியின் கடிகாரத்தை யாரும் மாற்றலாம் என்று ஒரு சில்லறை ஓட்டை இருந்ததே, அதற்கு அவளே கொடுத்த எண். எட்டு என்றால் செல்வம் என்பது டத்தோவின் கணக்கு; அந்த எட்டுகளைப் பார்த்து அலுவலகம் முழுக்க ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

"அத்தை… பழைய நம்பரையே போட்டிருக்காங்க."

"போட்டா என்ன ஆகும்?"

"ஆஸ்பத்திரிங்க லெட்டரைப் படிக்கறதில்ல அத்தை. அங்க இருக்கற லிஸ்ட்டு நம்பரைப் படிக்கும். இது ஏற்கெனவே முடிஞ்ச நம்பர்னு பாத்துட்டு, தானாவே மூடி வெச்சுடும். கடிகாரம் சரியாயிருக்குன்னு சொல்லி, கதவைத் தொறந்தே வெச்சிருக்கோம்."

நாடு முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். வெள்ளிக்கிழமையிலிருந்து அப்டேட் போட்டுக்கொண்டவை ஒன்பது. அந்த ஒன்பதும் அத்தையின் நச்சரிப்பு தாங்காமல் போட்டவை.

மணி ஒன்பதரை. பிச்சயா ஊருக்குச் சொல்ல இன்னும் ஏழரை மணி நேரம்.

---

ஐந்தாம் மாடியில் மூத்த அண்ணன் கியான் பூன் கண்ணாடி முன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டிருந்தான். விற்பனை இயக்குநர். எதையும் விற்கத் தெரியும். விற்றது என்ன என்பது மட்டும் பிறகுதான் தெரியும்.

"அண்ணே, இது என்ன?"

"குட்மார்னிங் உனக்கும். கடல் சௌக்கியமா?"

"ரெண்டு ஓட்டைக்கு ஒரே நம்பர் போட்டிருக்கீங்க."

"நம்பர் போடு நம்பர் போடுன்னு மூணு மாசமா உயிரை எடுத்தே. போட்டாச்சு. இப்ப அதுவும் குத்தமா?"

"அது போன வருஷத்து நம்பர்! நம்பருக்கு முன்னாடியே வருஷம் எழுதியிருக்கு. அதைக்கூடவா பாக்கலே?"

"பாத்தேன். அப்பாதான் அதைப் போடச் சொன்னாரு. நல்ல நம்பர் ஒண்ணு வீட்லயே இருக்கறப்ப எதுக்குப் புதுசுன்னாரு. நியாயமாத்தான் பட்டுது."

"இது என்ன கல்யாணச் சட்டையா, துவைச்சு மறுபடி போட்டுக்க?"

கியான் பூன் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான். "இதோ பாரு மின். ஒரு ஆஸ்பத்திரி, ஒரே ஒரு ஆஸ்பத்திரி புகார் பண்ணிச்சா? அப்புறம் என்ன?"

"எப்படிப் பண்ணுவாங்க? முடிஞ்சுபோன வேலைன்னு நினைச்சு நிம்மதியா இருக்காங்க. நாமதான் நிம்மதியாக்கி விட்டிருக்கோம்."

"அந்த நிம்மதியை அஞ்சு மணி வரைக்கும் கெடுக்காதே. மூணு மணிக்கு விழா. 'குறையில்லாத் தொழிலகம்' விருது. ஆஸ்பத்திரிப் பெரிய தலைங்க எல்லாரும் வர்றாங்க. எதுவா இருந்தாலும் அஞ்சு மணிக்கு மேல பேசிக்கலாம்."

"அஞ்சு மணிக்கு மேல நாம பேச வேண்டியதில்லண்ணே. உலகமே பேசும்."

"சரி, உலகம் எங்கிட்டப் பேசட்டும்" என்றான் கியான் பூன், கண்ணாடியைப் பார்த்தபடி. உலகம் தன்னிடம் பேசும்போது எப்படித் தலையசைப்பது என்று பழகிப் பார்ப்பவன் போலிருந்தான்.

---

டத்தோ தன் அறையில் பேச்சை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "முப்பது ஆண்டுகளாக, குறை என்ற சொல்லே எங்கள்…" என்ற இடத்தில் மகள் கதவைத் திறந்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை அறிவிப்பை வாபஸ் வாங்கணும். புது நம்பரோட இன்னிக்கே வேற போகணும்."

"உக்காரு. கொய் தியாவ் சாப்பிட்டியா?"

"இருநூத்திப் பன்னெண்டு பெட்டியில ஒம்பதுதான் அடைபட்டிருக்கு."

"அதுக்கு நம்பர் என்ன பண்ணும்? ஆள் விட்டுச் சொல்லு. உங்க அத்தைக்கு வாய் இருக்கில்ல?"

"அத்தை சொல்லி நம்ப மாட்டேங்கறாங்கப்பா. நாமதானே அறிவிப்புல பழைய நம்பரைப் போட்டோம்? நம்ம வாயும் நம்ம லெட்டரும் வேற வேற சொன்னா, அவங்க லெட்டரைத்தான் நம்புவாங்க."

டத்தோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றுவார்; கண்ணாடி உடைந்தால் புதிது வாங்கலாம், ஆனால் அதன் பிரேம் தாய்லாந்தில் வாங்கியது.

"மூணும் ஒண்ணும் சேர்ந்த நம்பர் ஒண்ணு இருந்தாலே ஆகாது. இதுல மூணு முன்னாடியே நிக்குது. அந்த மாதிரி நம்பரை ரத்தப் பெட்டி மேல ஒட்டணுமா? ஆபரேஷனுக்குப் போறவன் அதைப் பாத்தா என்ன நினைப்பான்? என் அப்பா கடைசியா படுத்திருந்த கட்டிலோட நம்பர் உனக்குத் தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும், நீ பிறக்கவே இல்ல. எனக்குத் தெரியும். நான் அந்தப் பலகையைப் பாத்துக்கிட்டே ஒம்பது நாள் உக்காந்திருந்தேன்."

இதில் நடிப்பு இல்லை. டத்தோவின் வாழ்க்கையில் மேளம் அடிக்காத, ரிப்பன் வெட்டாத சில விஷயங்களும் உண்டு. இது அவற்றில் ஒன்று. ஸு மின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

பிறகு கேட்டாள்: "நான் பிறந்தப்ப அம்மாவுக்கு ரத்தம் ஏத்தினாங்களே. அஞ்சு பை. அது எத்தனை டிகிரியில இருந்துச்சுப்பா?"

டத்தோ பேச்சுக் காகிதத்தை மடித்தார்.

"ஐஸ்கிரீம் பெட்டி செஞ்சுக்கிட்டிருந்தவரு அதுக்கப்புறம்தானே ரத்தப் பெட்டிக்கு வந்தீங்க? நீங்களே எத்தனை விழாவுல சொல்லியிருக்கீங்க! எத்தனை டிகிரி? ஒரே ஒரு தடவை வாயால சொல்லுங்க, நான் போயிடறேன்."

"ஸு மின்!"

"நாலாவது பிள்ளையா பிறந்தேன். முப்பத்தொரு வருஷமா 'அப்புறம்'னு கூப்பிட்டீங்க. கேட்டுக்கிட்டேன். ஆனா இந்த ஓட்டையை 'அப்புறம்'னு விட மாட்டேன்பா."

டத்தோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் இறங்கியது. இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

"அந்த நம்பரோட ஒரு கடுதாசி இந்தக் கட்டடத்தை விட்டுப் போச்சுன்னா, அதுக்குப் பின்னாடியே நீயும் போக வேண்டியிருக்கும். இப்ப போய் நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வா. முன்வரிசையில இடம் போட்டிருக்கு."

---

மூன்று மணிக்குக் கீழே மேளம் அடித்தது. சிங்கம் ஆடியது. சிங்கத்தின் பின்னங்கால் வாடகைக்கு வந்த ஆள். முன்னங்கால் கிடங்கு மேலாளர். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

ஸு மின்னின் முன்வரிசை நாற்காலி காலியாக இருந்தது. 3A மாடியில், மேளச் சத்தத்துக்கு மேல், அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

'வெள்ளிக்கிழமை நாங்கள் அனுப்பிய அறிவிப்பில் இருந்த எண் தவறு. அது சென்ற ஆண்டின் வேறோர் ஓட்டைக்கு உரியது. இது புதிய ஓட்டை. உங்கள் பட்டியல் என்ன சொன்னாலும், நீங்கள் இதை இன்னும் அடைக்கவில்லை. தவறு எங்களுடையது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அடையுங்கள். அடைத்த பிறகு, இதற்கு முன் உள்ளே வந்தவர் யார் என்று பெட்டியின் பதிவைப் பாருங்கள்.'

மெருகு எங்கும் இல்லை. அடியில் முழுப் பெயர்: ஊய் ஸு மின்.

எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தது. ஐம்பதும் திரையில் வரிசையாக நின்றன. முதல் எண்ணின் மேல் போன விரல் நின்றது. கீழே இறங்கியது. 44444.

அத்தை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஐயையோ! ஏன்டி, முதல்லேர்ந்து எடுக்கக் கூடாதா?"

"அம்பதுல எதை எடுத்தாலும் வேலை போகத்தான் போகுது அத்தை. போற வேலைக்குத் தகுந்த நம்பரா இருக்கட்டும்."

"உங்கப்பனுக்குத் தப்பாம பிறந்திருக்கே."

"நீங்களும் டிக் போடணும் அத்தை. ரெண்டு பேர் ஒப்புக்கிட்டாத்தான் போகும்." வெள்ளிக்கிழமை கியான் பூனுக்கு அப்பாவே இரண்டாவது ஆளாக இருந்தார். அந்த விதியை எழுதியதும் ஸு மின்தான்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"இந்த வரி வேணுமா மின்னு?"

"எந்த வரி?"

"உள்ள வந்தது யாருன்னு பதிவைப் பாருங்கன்னு போட்டிருக்கியே. பாவம், தாதிங்களுக்கு அது வேற வேலை."

"வேணும் அத்தை. யாராவது ஏற்கெனவே உள்ள போயிருந்தா, அடைச்சு என்ன பிரயோஜனம்?"

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். தன் மேசைக்குப் போய், 3A-02இல் உட்கார்ந்து, ஒரு பெருமூச்சுடன் பொத்தானை அழுத்தினார்.

"போட்டாச்சு. ஆனது ஆகட்டும்."

மணி 3.22. கீழே ஒலிபெருக்கியில் டத்தோ, "குறை என்ற சொல்லே எங்கள் அகராதியில்…" என்றார்.

முன்வரிசையில் ஒரு கைப்பேசி சிணுங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை முழுக்க, மழைக்காலத் தவளைகள் மாதிரி. மருத்துவமனைப் பெரிய தலைகள் குனிந்து படித்தன. ஒருவர் எழுந்து வெளியே போனார். இரண்டு பேர் ஓடினார்கள். டத்தோ 'அகராதியில்' என்ற சொல்லை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். வாக்கியம் முடிகிற இடத்தில் ஆள் இல்லை. சிங்கம் மட்டும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டது.

---

மணி நாலே கால். 3A மாடிக்கு டத்தோ வந்தபோது கையில் விருதுப் பலகை இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கொண்டு வந்திருந்தார். பின்னால் கியான் பூன்.

"எடு அதை."

"எடுக்க முடியாதுப்பா. வெளியான நம்பர் வெளியானதுதான். நான் போனாலும் அது போகாது. அதுக்காகத்தான் அது இருக்கு."

"அப்ப நீ போ."

ஸு மின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். "இந்தாங்க. அஞ்சு மணி வரைக்கும் இந்த நாற்காலியில உக்காந்திருப்பேன். அதுக்கு அட்டை வேணாம்." திரையைத் திருப்பிக் காட்டினாள். "நூத்தி நாப்பத்தேழு அடைச்சாச்சு. காலையில ஒம்பது. வித்தியாசம் ஒரே ஒரு நம்பர்தான்பா."

"முன்வரிசையே காலி! எங்க மானம்…" என்று கியான் பூன் ஆரம்பித்தான்.

"காலியாகி எங்க போனாங்க? பெட்டியை அடைக்கத்தானே போனாங்க. மானத்தை நீங்க இறக்கி வெச்ச இடம் தப்பு" என்றார் அத்தை.

தொலைபேசி அடித்தது. ஸு மின் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, நான் தைப்பிங் ஹஸ்லினா. என்ன இது, மூணு நாள்ல ரெண்டு லெட்டர்! ஒண்ணுல ஒரு நம்பர், ஒண்ணுல ஒரு நம்பர். பெட்டியை நிறுத்தறதுக்கு முன்னாடி எந்த நம்பர்னு ஃபாரத்துல எழுதணும். எங்க டாக்டர் பேனாவை மூடிட்டாரு. கம்பெனி தலைவர் வாயால சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவாராம்."

ஸு மின் தொலைபேசியை அப்பாவின் பக்கம் தள்ளினாள்.

"டத்தோ இருக்காரா? டத்தோ, எந்த நம்பர்?"

"வெள்ளிக்கிழமைது இல்ல" என்றார் டத்தோ.

"அப்ப எது? சொல்லுங்க, எழுதிக்கிறேன். நாளைக்குக் காலையில ஒரு பிரசவ ஆபரேஷன். ரத்தம் இந்தப் பெட்டியிலதான் எடுத்து வெச்சிருக்கேன். ஏற்கெனவே மூணு பிள்ளை அவங்களுக்கு. போன தடவையே நிறைய போயிடுச்சு."

டத்தோ விருதுப் பலகையை மேசையில் வைத்தார். அது அடையாள அட்டையின் மேல் உட்கார்ந்தது. அவர் மகளைப் பார்த்தார். மகள் திரும்பிப் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா, வேண்டாம், நான் சொல்றேன்…" என்றான் கியான் பூன்.

"நீ சும்மா இரு." தொண்டையைச் செருமினார். "எழுதிக்கம்மா. நாலு."

"ம்."

"நாலு. நாலு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாலு."

"அவ்வளவுதானா டத்தோ?"

"இன்னொண்ணு இருக்கு. நாலு."

முப்பது வருட பாக்கியை ஒரே மூச்சில் தீர்த்தவர் போல அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டடம் இடிந்து விழவில்லை.

பத்து நிமிடம் ஸ்பீக்கரில் தைப்பிங்கின் சத்தங்கள்: சக்கரம் உருளும் சத்தம், பைகளை வேறு பெட்டிக்கு மாற்றும் சத்தம், பெட்டி நின்று மறுபடி உறுமும் சத்தம். பிறகு ஹஸ்லினாவின் குரல் வந்தது. இந்த முறை அதில் கேலி இல்லை.

"ஆன்ட்டி… இவ்வளவு நேரம் திரை நாலு காட்டிச்சு. அப்டேட் போட்டதும் உண்மையான டிகிரியைக் காட்டுது."

"எவ்வளவு?" என்று கேட்டது டத்தோ.

"எட்டு."

டத்தோவின் உதடு மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது. அவருடைய காரில் இருக்கும் எண். வீட்டு வாசலில் இருக்கும் எண்.

"இருபத்தாறு பை டத்தோ. ஒண்ணையும் வெளிய விட மாட்டேன். நாளைக்குப் பிரசவத்துக்கு ஈப்போவுலேர்ந்து வரவழைச்சுக்கறேன். இந்த லெட்டர் வரலைன்னா…" பொத்தான் தட்டும் சத்தம். "இருங்க, பதிவைப் பாக்கச் சொல்லியிருக்கீங்களே. பாத்துட்டேன். போன புதன்கிழமை மத்தியானம் யாரோ உள்ள வந்து மாத்தியிருக்காங்க. பாஸ்வேர்டு இல்லாமத்தான். வந்த கம்ப்யூட்டரோட பேர் இருக்கு."

"சொல்லு" என்றாள் ஸு மின்.

"3A-02. இது எந்த ஊர்ப் பேர் ஆன்ட்டி?"

ஸு மின் மெல்லத் திரும்பினாள். ஜன்னலோர இருக்கையில் குவாட் கீ அத்தை ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் நிமிரவில்லை.